தொடக்கநிலை ஏர் ரைஃபிள் வாங்கும்போது ஸ்டாக் (துப்பாக்கிக் கட்டை) பொருந்துமா என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

பெரம்பூர்_அம்மா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கடந்த ஆண்டு முதல் இங்கே சென்னையில் ஒரு பயிற்சி ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகி வருகிறான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் காணொளிகளைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆர்வம் வந்தது. இதுவரை ரேஞ்சில் உள்ள பொது ரைஃபிளையே பயன்படுத்துகிறான். முந்தைய நேரத்தில் சுட்டவர் தம் உடம்புக்கு ஏற்றபடி மாற்றி வைத்த அளவிலேயே அது இவன் கைக்கு வருவதால், நேற்று நின்ற நிலை இன்றைக்கு அமைவதில்லை என்று பயிற்சியாளர் சொல்கிறார். ஆகவே சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் கையிருப்புக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, பேரலை மடக்கி விசையேற்றும் வகையைச் சேர்ந்த, பிளாஸ்டிக் ஸ்டாக் கொண்ட புதிய உள்நாட்டு ரைஃபிள். பையன் தேறிய பிறகு, கன்னத்தாங்கியையும் தோளில் பதியும் பட் பிளேட்டையும் ஏற்றி இறக்கும் வசதியுள்ள மேட்ச் (போட்டிக்கான) ஸ்டாக்கை மட்டும் தனியாக வாங்கி இதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். மற்றொன்று, ஒருவர் விற்கவிருக்கும் பழைய ஃபெயின்வெர்க்பாவ் 300எஸ் என்ற ஜெர்மானியப் போட்டி ரைஃபிள். அதன் சொந்த வால்நட் ஸ்டாக் பிடிப்பகுதியில் பிளந்துவிட்டதால், உள்ளூரில் ஓர் ஆசாரியிடம் தேக்கில் ஒன்று செய்து மாட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு மிக அழகாகவே இருக்கிறது. "ஸ்டாக்தானே அம்மா, திருகைக் கழற்றினால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம்" என்கிறார் அவர்.

இவ்விருவர் சொல்வதும் சரிதானா? வாங்குவதற்கு முன்பே, ஸ்டாக் ரைஃபிளுக்கும் என் மகனுக்கும் பொருந்துகிறதா என்பதை என்னைப் போன்ற ஒருவர் எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது? துப்பாக்கியைப் பற்றி எனக்கு அறிமுகம் இல்லை. ஆனால் அளவுகோலைப் பிடித்து அளக்கத் தெரியும். தையல் என் தொழில்.

நிலைப்பாடு10 எழுதியது:

வணக்கம் அம்மா. நான் பத்து மீட்டர் ரைஃபிள் பயிற்றுவிப்பவன். கடைக்காரர் கொடுக்கும் உறுதிமொழியை நம்பி அந்த ரைஃபிளை வாங்க வேண்டாம். அந்த ரைஃபிள் மட்டமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொல்லும் அந்த மேட்ச் ஸ்டாக் அந்த வகை ரைஃபிளுக்குக் கிடைப்பது மிக அரிது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்டாக் என்பது எல்லா ரைஃபிளுக்கும் பொதுவாகச் செய்து விற்கப்படும் பொருள் அன்று. அதன் உட்குடைவு, சுடும் இயக்கம் அமைந்த உலோகப் பகுதியான ஒரு குறிப்பிட்ட ஆக்‌ஷனின் உருவத்துக்கும், அந்த ஆக்‌ஷனில் திருகுகள் அமைந்திருக்கும் இடைவெளிக்கும், ட்ரிகர் தொகுதி கீழே தொங்கும் இடத்துக்கும் என்றே வெட்டப்பட்டது. பேரலை மடக்கும் ரைஃபிளில் பொதுவாக முன்கட்டையின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு திருகும், ட்ரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தை ஒட்டி ஒன்றோ இரண்டோ திருகுகளும் ஆக்‌ஷனைப் பிடித்திருக்கும். இதைவிட முக்கியமானது முன்கட்டையின் அடியில் உள்ள நீளமான பிளவு. பேரலை மடக்கும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் இணைப்புத் தண்டு அந்தப் பிளவின் வழியாகத்தான் இறங்கி ஏறுகிறது. மேட்ச் ரைஃபிளிலோ அதே இடத்தில்தான், நின்று சுடுபவரின் இடது கை தாங்குவதற்காக, ஆழமான முன்கட்டை இருக்க வேண்டும். ஒரே இடத்தில் வெற்றிடமும் வேண்டும், நிறைந்த கட்டையும் வேண்டும் என்றால் எளிதில் நடக்காது. கடைக்காரரிடம் அந்த மேட்ச் ஸ்டாக்கின் மாடல் பெயரைக் கேளுங்கள். அந்த ரைஃபிளின் மாடல் பெயரைக் குறிப்பிட்டு, அதற்கு இது பொருந்தும் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பிரிங்கோ காஸ் ராம் எனப்படும் அடைத்த வாயுவோ பிஸ்டனை முன்னோக்கி உந்தும் ரைஃபிள்களில், பெல்லட் (சிறு குண்டு) பேரலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசைந்துவிடுகிறது. அந்த அதிர்வில் ஸ்டாக்கின் திருகுகள் மெல்ல மெல்லத் தளரும். கை தாங்கும் இடம் சற்று மாறினாலும் பெல்லட் விழும் இடம் மாறும். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர் மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட் (துளையில்லாத, திறந்த குறிநோக்கி) பிரிவு என்று தனியாக ஒன்று நடக்கிறது. அதில் மட்டும் மகன் கலந்துகொள்வதாக இருந்தால் இந்த உள்நாட்டு ரைஃபிள் போதும், ஸ்டாக்கை மாற்றும் பேச்சும் எழாது. பீப் சைட் (துளை வழியாகக் குறிபார்க்கும்) பிரிவுக்குப் போவதுதான் நோக்கம் என்றால், இதற்குச் செலவிடும் பணம் பிறகு வேறு ரைஃபிளுக்காக மறுபடியும் செலவாகும்.

உடம்புக்குப் பொருந்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். தையல் தெரிந்த உங்களுக்கு இது எளிதாகவே விளங்கும். ட்ரிகரின் முன்பக்கத்திலிருந்து பட் பிளேட்டின் நடுப்பகுதி வரை உள்ள நீளம்தான் முதல் அளவு. கடைகளில், பட் பிளேட்டை முழங்கை மடிப்பில் வைத்து விரல் ட்ரிகருக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பெரியவர்கள் வேட்டைக்கு வைத்திருந்த ரைஃபிளுக்கு அந்த முறை சரி. நின்று இலக்கில் சுடும் பையனுக்கு அது போதாது, ஏனெனில் அவன் கனமான ஷூட்டிங் ஜாக்கெட்டை அணிந்துகொண்டு, இடுப்பைச் சற்று முன்தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்கிறான். ஜாக்கெட் இல்லாமல் அளந்தால் வரும் நீளம் ஜாக்கெட்டோடு நிற்கும்போது அதிகமாகிவிடும். எனவே அவனுடைய சொந்த ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜாக்கெட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, தலையை இயல்பாகச் சாய்த்துக் கன்னத்தாங்கியில் படியச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பின் சைட்டின் துளை வழியாக முன் சைட்டின் வளையம் நேராகத் தெரிந்தால் கன்னத்தாங்கியின் உயரம் சரி. தெரிவதற்காக அவன் கழுத்தை நீட்டினாலோ, தலையை அழுத்தினாலோ, தாங்கியை ஏற்ற வேண்டும் அல்லது இறக்க வேண்டும். ஏற்றவோ இறக்கவோ வழியில்லாத ஸ்டாக் என்றால் அது அவனுக்குப் பொருந்தவில்லை என்றே பொருள். பதினான்கு வயதுப் பையனின் கையும் கழுத்தும் அடுத்த ஆண்டு இதே நீளத்தில் இருக்கப் போவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பீப் சைட் பிரிவில் போட்டிக்குப் போகும்போது விதிகளும் குறுக்கே வரும். சைட்டுகளோடு சேர்த்து ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பேரலின் மைய அச்சிலிருந்து முன்கட்டையின் அடி வரை 120 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முன்கட்டையின் அகலம் 60 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பட் பிளேட்டின் உள்வளைவு 20 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. கட்டைவிரலை நுழைக்கும் துளையுள்ள ஸ்டாக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அனுமதிக்கப்படுவதில்லை. இணையத்தில் கவர்ச்சியாகக் காட்டப்படும் ஸ்டாக்குகள் பலவற்றில் அந்தத் துளை இருப்பதைக் காணலாம். ஒவ்வோர் ஒலிம்பிக் சுற்றுக்கும் விதிநூலைப் புதுப்பிப்பார்கள் என்பதால், பணம் கொடுக்கும் முன் நடப்பிலுள்ள பதிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

300எஸ்ஸைப் பொறுத்தவரை, ஆசாரி செய்த ஸ்டாக்கோடு வரும் ரைஃபிளை நான் என் மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

இழைப்புளி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மில்லிங் எந்திரத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மரத்தில் கைவேலை செய்வது பொழுதுபோக்கு. நண்பர்களின் ரைஃபிள்களுக்கு ஸ்டாக் பழுது பார்த்துத் தருவதுண்டு. நிலைப்பாடு10 அவர்கள் முதல் ரைஃபிளைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆசாரி செய்தது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நல்ல குடைவு யார் கையில் வெட்டப்பட்டாலும் நல்ல குடைவுதான். அது நல்லதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் 300எஸ் என்னும்போது மற்ற ரைஃபிளுக்குப் பார்ப்பதைவிடக் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்.

300எஸ் ஸ்பிரிங்கில் இயங்கும் ரைஃபிள்தான். ஆயினும் அதிர்வு தோளுக்குத் தெரிவதில்லை. காரணம், அதன் ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு அசையாமல் இறுக்கப்பட்டிருக்கவில்லை. சுடும் கணத்தில் பேரலும் சைட்டும் உட்பட மேல்பகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற அமைப்பின் மேல் சில மில்லிமீட்டர் பின்னோக்கி வழுக்கிச் செல்கிறது. மறுபடி விசையேற்றும்போது தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அந்த வழுக்கலுக்கு ஆக்‌ஷனின் பின்முனையிலும் பக்கங்களிலும் ஸ்டாக்கில் இடம் விட்டிருக்க வேண்டும். பொதுவாகத் துப்பாக்கிக் கட்டை செய்பவர், உலோகமும் மரமும் மயிரிழையும் இடைவெளி இல்லாமல் கவ்வுவதே கைத்திறன் என்று நினைப்பார். வேறு பல ரைஃபிள்களுக்கு அது உண்மை. இதற்கு அந்தத் திறனே கெடுதல். ஆக்‌ஷன் பின்னோக்கி வரும்போது மரத்தில் முட்டினால் இரண்டு தீங்குகள் விளையும்: வழுக்கல் தடைபட்டுக் குறி சிதறும், நாள் செல்லச் செல்ல முட்டும் இடத்திலிருந்து பிடிப்பகுதியை நோக்கி மரம் பிளக்கத் தொடங்கும். பழைய வால்நட் ஸ்டாக் பிடிப்பகுதியில் பிளந்தது கீழே விழுந்ததனால்கூட இருக்கலாம். எதனால் என்று விற்பவரிடம் கேட்டு வையுங்கள்.

பார்க்கும் முறை இது. ரைஃபிளில் பெல்லட் இல்லை, விசையேற்றப்படவில்லை என்பதை முதலில் உரிமையாளரே காட்டட்டும். ஆக்‌ஷனின் பின்முனைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தபால் அட்டையைச் செருகிப் பாருங்கள். தடையின்றி இறங்க வேண்டும், பக்கங்களிலும் ஒரு தாளாவது ஓட வேண்டும். பிறகு ஸ்டாக்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்காதீர்கள். குடைவின் உட்புறத்தில் எங்கேனும் மரம் பளபளப்பாகத் தேய்ந்தோ, கருத்தோ, அமுங்கியோ இருந்தால் உலோகம் அங்கே முட்டுகிறது. ஐயம் இருந்தால், எந்திரப் பட்டறையில் பயன்படுத்தும் பிரஷ்யன் புளூ மையை ஆக்‌ஷனின் பின்முனையில் மெல்லிதாகத் தடவி மாட்டி, ரேஞ்சில் இலக்கை நோக்கி பெல்லட்டுடன் சில முறை சுட்டுவிட்டுக் கழற்றினால், முட்டும் இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கக் கூடாது. முன்னே காற்றை அடைக்கும் பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் நேராக மோதி சீல் கெடும்.

திருகுகளைக் கவனியுங்கள். ஸ்டாக் சரியாக வெட்டப்பட்டிருந்தால் திருகுகள் கையாலேயே பல சுற்று ஏறி, கடைசியில்தான் சாவியைக் கேட்கும். ஒன்று ஏறியபின் மற்றொன்றின் துளை சற்று விலகி, நெம்பினால்தான் ஏறுகிறது என்றால், துளைகளின் இடைவெளி பிசகியிருக்கிறது; அந்த ஸ்டாக்கை இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைந்து நிற்கும். முதல் திருகை இறுக்கிவிட்டு, மற்றதை இறுக்கித் தளர்த்தும்போது ஆக்‌ஷனும் மரமும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அசைவு விரலுக்குத் தெரிந்தால் இருக்கை சரியில்லை.

மரத்தைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு அதுதான் விருப்பமான பகுதி. தேக்கு நம் காற்றுக்கு மோசமான மரம் அன்று. நன்றாக உலர்ந்த தேக்கு அதிகம் விரிந்து சுருங்குவதில்லை. கவலை மரத்தின் வரி ஓடும் திசையைப் பற்றியது. கை பிடிக்கும் மெல்லிய பகுதியில் வரி நீளவாக்கில் ஓட வேண்டும். அங்கே குறுக்காக ஓடினால் எவ்வளவு விலை உயர்ந்த மரமும் ஒரு நாள் முறியும். குடைவுக்குள் எண்ணெயோ வார்னிஷோ பூசப்படாமல் வெறும் மரமாக விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிப்புறத்தை மட்டும் மெருகேற்றிவிட்டு உள்ளே விட்டுவிடுவது இங்கே வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றின் ஈரத்தை மரம் அந்த வழியாகத்தான் குடிக்கிறது. பங்குனியில் அளவாக இருந்த குடைவு கார்த்திகையில் இறுகுவது அதனால்தான்.

ஐம்பது_மீட்டர் எழுதியது:

இங்கே ஏர் ரைஃபிளைப் பற்றிய பேச்சே நடக்கிறது. ஆனால் சில ஆண்டுகளில் மகன் வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் .22 ரைஃபிளுக்கு மாறக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இப்போது வாங்கவிருக்கும் ஏர் ரைஃபிளுக்கு, 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் என்ற வரம்புக்குள் இருக்கும் வரை, உரிமம் தேவைப்படாது.

அங்கேயும் ஒரே நிறுவனப் பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. அன்ஷூட்ஸ் நிறுவனத்தின் 64 ஆக்‌ஷனும் 54 ஆக்‌ஷனும் வெவ்வேறு. தொடக்கநிலை ரைஃபிளான 64இன் ஸ்டாக்கில் 54 உட்காராது. ருகர் 10/22 என்ற .22 ரைஃபிளில் ஆக்‌ஷன் ஒன்றேயானாலும், வழக்கமான குறுகும் பேரலுக்கு வெட்டிய ஸ்டாக்கில் 0.920 அங்குலத் தடித்த பேரல் இறங்காது. பேரல் ஓடும் வாய்க்காலை அகலமாக்க வேண்டும். ஆகவே "அதே கம்பெனி" என்பதும் "அதே மாடல்" என்பதும் போதிய விடைகள் அல்ல. ஆக்‌ஷன் எது, பேரலின் பருமன் என்ன, எந்த ஆண்டுத் தயாரிப்பு என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

பெரம்பூர்_அம்மா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைக்காரரிடம் மேட்ச் ஸ்டாக்கின் மாடல் பெயரைக் கேட்டேன். "வரும்போது சொல்கிறேன்" என்றார். பில்லில் எழுதித் தர மறுத்துவிட்டார். ஆகவே அந்த யோசனையைக் கைவிட்டோம்.

300எஸ்ஸை நேற்று மகனோடும் அவனுடைய ஜாக்கெட்டோடும் சென்று பார்த்தோம். உரிமையாளர் நல்ல மனிதர்; எதையும் மறுக்காமல் கழற்றிக் காட்டினார். தபால் அட்டை பின்முனையில் இறங்கவில்லை. குடைவின் பின்சுவரில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மரம் கறுத்துப் பளபளப்பாக இருந்தது. இரண்டாவது திருகு நெம்பித்தான் ஏறியது. பிடிப்பகுதியில் வரி நீளமாகவே ஓடுகிறது. விரிசல் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. குடைவுக்குள் பூச்சு இல்லை.

ட்ரிகரிலிருந்து பட் பிளேட் வரை 350 மில்லிமீட்டர் வந்தது. மகனுக்கு ஜாக்கெட்டோடு 320 இருந்தால்தான் தோள் இயல்பாக அமைகிறது. கண்ணை மூடித் திறந்தபோது பின் சைட்டுக்குள் அவனுக்குக் கீழ்ப்பாதி இருட்டாகத் தெரிந்தது. கன்னத்தாங்கி மரத்தோடு மரமாகச் செதுக்கப்பட்டது, ஏறாது இறங்காது. எடை ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் அவர் கேட்கும் விலை எங்களுக்கு எட்டக்கூடியது. ஆசாரியிடம் கொடுத்துப் பின்சுவரை ஆழப்படுத்தி, பின்பகுதியை 30 மில்லிமீட்டர் அறுத்துவிட்டால் போதாதா?

இழைப்புளி எழுதியது:

சகோதரி, நீங்கள் அளந்து எழுதியிருக்கும் முறையைப் பார்த்தால், பட்டறையில் என்னிடம் வேலை கற்ற பிள்ளைகளைவிட நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

பின்சுவரை ஆழப்படுத்துவது அரை நாள் வேலை, செய்துவிடலாம். திருகுத் துளை விலகியிருப்பதையும், பழைய துளையை அடைத்து, ஆக்‌ஷனை இருக்கையில் சரியாக உட்காரவைத்து, அதன் திருகுத் துளையையே அடையாளமாகக் கொண்டு புதிதாகத் துளைத்துச் சரிசெய்யலாம். உள்ளே பூச்சிடுவது எளிது. பின்பகுதியை அறுப்பதில்தான் எனக்குத் தயக்கம். அறுத்த மரம் திரும்ப வளராது, பையனோ வளர்வான். அறுப்பதானால் 30 மில்லிமீட்டரோடு நிற்காமல் கூடுதலாக அறுத்து, ஏற்றி இறக்கும் வசதியுள்ள உலோக பட் பிளேட்டைப் பொருத்தி, இடைத்தகடுகளால் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி செய்ய வேண்டும். கன்னத்தாங்கியையும் அவ்வாறே மேல்பகுதியை வாள் கொண்டு பிரித்து, இரண்டு தண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். இவையெல்லாம் செய்யக்கூடியவையே. ஆனால் அந்தச் செலவையும் அவர் கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இருக்கும் நிலையில் நீங்கள் வாங்கப்போவது ஓர் ஆக்‌ஷனையும் ஒரு தேக்குத் துண்டையும்தான். விலை பேசுவதானால் அந்தக் கணக்கில் பேசுங்கள்.

300எஸ்ஸின் பக்கம் நின்று ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு அழுத்தக் காற்று நிரப்ப வேண்டியதில்லை. காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டர் காலாவதியாகும் கவலை இல்லை. சீலையும் ஸ்பிரிங்கையும் மாற்றினால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.

நிலைப்பாடு10 எழுதியது:

அம்மா, உங்கள் அளவுகளைப் பார்த்த பிறகு என் கருத்து இன்னும் உறுதியாகிறது. இழைப்புளி ஐயாவின் கைவேலையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த ரைஃபிளின் எடையைப் பாருங்கள். ஐந்து கிலோ என்பது விதிக்குள் அடங்கினாலும், ஒன்பதாம் வகுப்புப் பையன் அறுபது குண்டுகள் நின்று சுடுவதற்கு அதிகம். கை சோர்ந்தபின் அவன் முதுகைப் பின்னோக்கி வளைத்து அந்தச் சுமையைத் தாங்கப் பார்ப்பான். அந்த வளைவு பழக்கமாகிவிட்டால் நிமிர்த்துவது கடினம். மரத்தை எங்கே அறுத்தாலும் ஆக்‌ஷனின் எடை குறையப் போவதில்லை. பின்பகுதியில் மரம் குறைந்தால் முன்பாரம்தான் கூடும்.

இன்னும் சில மாதம் பொது ரைஃபிளிலேயே பழகட்டும். ஒவ்வொரு நாளும் அளவு மாறுகிறது என்ற குறைக்கு எளிய வழி உண்டு. பட் பிளேட்டின் நீளம், உயரம், கன்னத்தாங்கியின் உயரம் ஆகியவற்றை அந்த ஸ்டாக்கில் பொறித்திருக்கும் கோடுகளைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்து, சுடும் முன் அவனே அந்த அளவுக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதன் பயன் வேறொன்றும் உண்டு: தனக்கு வேண்டிய எண்கள் எவை என்று தெரிந்துகொண்டே அவன் கடைக்குப் போவான்.

பணம் சேர்ந்ததும், ஹம்மெர்லி ஏஆர்20 போன்ற, தொடக்கநிலையினரையும் கிளப்புகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அழுத்தக்காற்று ரைஃபிளைப் பாருங்கள். அதன் அலுமினிய ஸ்டாக்கில் பட் பிளேட்டின் நீளத்தையும் கன்னத்தாங்கியையும் தொழிற்சாலையிலேயே மாற்றும்படி அமைத்திருக்கிறார்கள். இந்த வகையில் ஆக்‌ஷன் அதிராது என்பதால் ஸ்டாக்கின் பொருத்தமும் எளிதில் கெடுவதில்லை. ஆயினும் கடையில் கேட்க வேண்டியவை உண்டு. நீளத்தை மிகக் குறைவாக வைத்தால் எத்தனை மில்லிமீட்டர், மிக அதிகமாக வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். உங்கள் 320 அந்த வரம்பின் நடுவுக்கும் குறைந்த முனைக்கும் இடையில் விழ வேண்டும், அப்போதுதான் வளர இடமிருக்கும். 320 அதன் கடைசி முனையாக இருந்தால் வேண்டாம். பட் பிளேட்டையும் பிடியையும் தாங்கும் திருகுகளும் தகடுகளும் தனி உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் ஆசாரி உதவ முடியாது, புதுப்பேட்டை லேத்துக்குத்தான் போக வேண்டும்.

பயன்படுத்திய அழுத்தக்காற்று ரைஃபிள் கிடைத்தால், ஸ்டாக்கைப் பார்க்கும் அதே வேளையில் சிலிண்டரின் மேல் பொறித்துள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். ஜெர்மானிய நிறுவனங்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகளையே அதன் பயன்பாட்டுக் காலமாக வைத்திருக்கின்றன. அதைத் தாண்டியிருந்தால் புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். மாற்றுச் சிலிண்டரின் பருமனும் நீளமும் முன்கட்டையின் குடைவுக்குள் அடங்குமா என்பதையும் மாட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பெரம்பூர்_அம்மா எழுதியது:

நோட்டு யோசனையை இன்று மாலையே தொடங்கிவிட்டான். 300எஸ் உரிமையாளரிடம் பின்சுவர் முட்டுவதைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இழைப்புளி ஐயா, அவர் தம் ஸ்டாக்கை உங்களிடம் காட்ட விரும்புகிறார். அனுமதித்தால் தனிச்செய்தியில் உங்களைத் தொடர்புகொள்ளச் சொல்கிறேன்.

இழைப்புளி எழுதியது:

தாராளமாகச் சொல்லுங்கள். வரும்போது பிளந்துபோன பழைய வால்நட் ஸ்டாக்கையும் எறியாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் வெட்டிய குடைவு அதில் அப்படியே இருக்கும். தேக்கை எவ்வளவு ஆழப்படுத்த வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அளக்க முடியும்.